மலையேறும் குடித்தனம்

“அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு!” என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். காலம் மலையேறுவதில் என்ன சிரமம் இருக்கிறது? அதற்குச் சட்டி பானை கிடையாது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் கிடையாது. முழங்கால் வலியோடு ஒரு மாமியார் கிடையாது. ஒரு குடும்பம் மலையேறுவதுதான் பெரும்பாடு. அதிலும் எண்ணி வைத்த பணத்தோடு ஏறுவதென்றால் கேட்கவே வேண்டாம்!

ஜூன் மாத ஆரம்பத்தில் நம் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் வசிக்கும் ஒரு சகோதரி. அவருடைய கணவர் அங்கே சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். இவர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். 9 வயதில் ஒரு பெண், 5 வயதில் ஒரு பையன், 68 வயதில் மாமியார். பல வருஷமாகக் காத்திருந்த அரசாங்க உத்தியோகம் அந்தச் சகோதரிக்குக் கிடைத்து விட்டது. ஆனால் போட்டிருக்கும் இடம் உதகமண்டலம்!

“எல்லோரும், ‘ஊட்டியா! கொடுத்து வைத்தவள்!’ என்கிறார்கள். எனக்கோ ராத்திரி தூக்கம் வரவில்லை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பைசாவும் கடன் வாங்குவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லி விட்டார். அவருக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. அத்தைக்குக் குளிர் ஒத்துக் கொள்ளுமா என்று தெரியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வேலையில் சேர வேண்டும். போகட்டுமா? வேண்டாமென்று எழுதிக் கொடுத்து விடட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஊட்டி மே மாதத்து ஊட்டி. புஷ்பக் காட்சி, படகுச் சவாரி, சுடச் சுட வேர்க்கடலை, இவ்வளவுதான். அதை வைத்துக் கொண்டு ஒரு குடும்பத்துக்கு யோசனை சொல்ல முடியுமா? சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினேன். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் போட்ட பல்சக்கர ரயிலில் போக ஆசைதான். இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போனேன். குடித்தனம் போகிறவர்களுக்கும் பஸ்தான் லாயக்கு. சீக்கிரம் போய்ச் சேரும்.

இனி, அங்கே நான் பார்த்ததையும் கேட்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன். காக்களூர்ச் சகோதரிக்காகப் போனேனே தவிர, கணவருக்கோ பிள்ளைக்கோ உங்களுக்கோ இப்படி ஒரு மலை ஊர் உத்தரவு என்றைக்கு வருமோ, யார் கண்டார்கள்?

குளிரின் கணக்கு

முதலில் குளிர் என்பது எவ்வளவு என்று தெரிந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் குறைகிறது. காக்களூர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் கூடத் தேறாது. உதகை சுமார் 2,240 மீட்டர். ஆகவே இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 14 டிகிரி வித்தியாசம். காக்களூரில் 40 டிகிரியில் வெந்து கொண்டிருப்பவருக்கு இது சொர்க்கமாகத் தோன்றும். ஆனால் ஜனவரி மாதத்து ராத்திரியில் அங்கே 5, 6 டிகிரிதான். பள்ளமான இடங்களில் பூஜ்யத்தைத் தொட்டு, விடியற்காலையில் புல்லின் மேல் உப்பைத் தூவியது போல் உறைபனி கிடக்கும்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதே மலையில் குன்னூர் சுமார் 1,850 மீட்டர்தான். உதகையை விட இரண்டரை டிகிரி இதம். இரண்டு ஊருக்கும் நடுவில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ரயில் நிற்கும் ஊர்களே வரிசையாக இருக்கின்றன. உத்தியோகம் உதகையில் என்றால் வீடும் உதகையில்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? அரசாங்க நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பயணத் திட்டம் 2024-ல் மலைப் பகுதிகளுக்கும் வந்தது. ஆகவே வீடு பார்க்கும் போது பஸ் வசதியையும் சேர்த்துப் பாருங்கள்.

வெயிலுக்குத்தான் வாடகை

உதகையில் வீட்டுத் தரகர் ஒருவர் எனக்கு இரண்டு வீடுகளைக் காட்டினார். முதல் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளத்தாக்கு, தேயிலைத் தோட்டம், மேகம்! “ஆஹா!” என்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்திக் கொண்டிருந்தவர் சிரித்து விட்டார்.

“சார், அந்த வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்க” என்றார்.

தொட்டேன். ஈரம்! பீரோவுக்குப் பின்னால் பச்சைப் பாசி பூத்திருந்தது.

“காட்சி சோறு போடாது. வெயில் வர்ற வீடாப் பாருங்க” என்றார் அந்த அம்மாள்.

என் பிரயாணத்தில் நான் கற்றுக் கொண்டதையெல்லாம் ஒரே வார்த்தையில் சொல்வதானால் இதுதான்: மலையில் வாடகை கொடுப்பது அறைக்கு அல்ல, வெயிலுக்கு. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறான். ஆகையால் தெற்கேயும் கிழக்கேயும் ஜன்னல் இருக்கும் வீட்டில் பகலெல்லாம் வெயில் விழும். சுவர் சூடு வாங்கிக் கொண்டு ராத்திரியில் கொடுக்கும். வடக்குச் சரிவில் மரத்தடியில் இருக்கும் வீட்டில் அந்தச் சூடு கிடையாது. அதற்குப் பதிலாக நீங்கள் மின்சாரத்துக்கும் மருந்துக்கும் பணம் கட்டுவீர்கள். வாடகையில் ஐந்நூறு குறைச்சல் என்று அங்கே போனால், அந்த ஐந்நூறு வேறு வழியில் இரட்டிப்பாகப் போய் விடும்.

இன்னும் இரண்டு விஷயம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போல் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். ஆகையால் அடிப் பள்ளத்தில் வீடு வேண்டாம். அதே சமயம், மண்ணைச் செங்குத்தாக வெட்டிய மேட்டுக்குக் கீழேயும் வேண்டாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வீடு பார்க்கப் போக வேண்டிய காலம் எது தெரியுமா? ஏப்ரல், மே அல்ல. அப்போது சீசன்; வாடகை ஆகாயத்தில் இருக்கும்; எல்லா வீடும் அழகாகவும் இருக்கும். ஜூலை மழையில் போங்கள், அல்லது டிசம்பரில் போங்கள். அப்போதும் உலர்ந்திருக்கிற வீடுதான் வீடு. பெண் பார்க்கப் போகிறவர்கள் முன்னறிவிப்பில்லாமல் போக வேண்டுமென்று என் பாட்டி சொல்வாள். வீடு பார்க்கவும் அதுவே விதி!

எதை எடுப்பது, எதை விடுவது?

லாரி வைத்துக் காக்களூரையே பெயர்த்துக் கொண்டு போக நினைக்காதீர்கள். அவ்வளவு தூரத்துக்கு லாரி வாடகையிலேயே கைப்பணம் கரைந்து விடும். மின்விசிறி, ஏர் கூலர் இரண்டையும் அக்கம் பக்கத்தில் விற்று விடுங்கள். மலையில் அவற்றுக்கு வேலை இல்லை. பிரிட்ஜ் கூட ஆறு மாதம் பொறுக்கும். வண்டி பேசுவதாயிருந்தால், வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்தில் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் விஷயத்தைக் கேட்டுக் கொண்டு பேசுங்கள்.

கட்டாயம் வேண்டியவை குக்கரும் கட்டிலும். குக்கர் ஏன் என்கிறீர்களா? உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. காக்களூரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உதகையில் 92, 93 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. கொதிக்கிறதே தவிரச் சூடு போதாது. திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பைப் போட்டு விட்டு நீங்கள் ஒரு தொடர்கதை முழுவதையும் படித்து முடிக்கலாம். பருப்பு அப்படியே உங்களைப் பார்த்துக் கொண்டிருக்கும்! காஸ்தான் தீரும்.

கட்டில் ஏன் என்பதை ஒரு பாட்டியம்மாள் எனக்குச் சொன்னார். காசில்லாமல் இந்த மலையில் குடித்தனம் வைத்தவர்கள் யார் என்று விசாரித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே கோடைக்கு உதகைக்குக் குடிபோகும். அவர்களுக்குக் கணப்பு உண்டு, கணப்புக்கு விறகு போட ஆள் உண்டு. அவர்கள் கதை நமக்கு உதவாது. “கோத்தகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள்” என்றார்கள்.

அங்கே தோட்டக் குடியிருப்பு ஒன்றில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். இலங்கையின் மலைநாட்டில் பிறந்தவர். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வதென்று முடிவாயிற்று அல்லவா? அப்படிக் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒருவர். இவர்களைப் போன்றவர்களுக்கு வாழ்வு தரத்தான் 1968-ல் அரசாங்கம் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. பிற்பாடு ‘டான்டீ’ என்று பெயர் பெற்றது அதுதான்.

“ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு கம்பளி. அவ்வளவுதான் தம்பி கொண்டாந்தோம்” என்றார் பாட்டி.

“குளிரை எப்படித் தாங்கினீர்கள்?”

“குளிரு வானத்துல இருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க. அது தரையில இருந்துதான் வருது. கால மொதல்ல மூடணும். படுக்கும் போது மேல ரெண்டு கம்பளி போத்துறதை விட, கீழ ஒண்ணு விரிச்சு மேல ஒண்ணு போத்துறதுதான் சூடு.”

எவ்வளவு உண்மை! சிமெண்டுத் தரையில் கோரைப் பாயைப் போட்டுப் படுத்தால் உடம்பின் சூட்டைத் தரை உறிஞ்சி விடும். கட்டில் இல்லாவிட்டால், பழைய செய்தித்தாள்களைக் கனமாக அடுக்கி, அதன் மேல் மெத்தை போடுங்கள். உடுப்பிலும் இதே தத்துவம்தான். கனமான கோட்டு ஒன்றை விட மெல்லிய உடுப்பு மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கொள்வது கதகதப்பு. இடையில் நிற்கும் காற்றே கம்பளி! ஸ்வெட்டர்களைச் சென்னையில் வாங்க வேண்டாம். உதகையில் திபெத்தியர்கள் கடை போட்டிருக்கிறார்கள். பேரம் பேசி வாங்கலாம். காலுறையும் காது மூடும் குல்லாயும்தான் முதல் செலவாக இருக்கட்டும்.

சமையற்கட்டில் ஒரு சண்டை

மலையில் குடியேறும் பெண்மணிக்கு முதல் தோல்வி இட்லி மாவினால் வருகிறது. ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் அரைத்தபடியே இருக்கும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளித் துணியால் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் மூடி வைக்கிறார்கள். அப்படியும் காலையில் புளிக்க வேண்டிய மாவு மத்தியானம்தான் புளிக்கும். காலையில் உப்புமா, ராத்திரி இட்லி என்று முறையை மாற்றிக் கொண்டால் சண்டை தீர்ந்தது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து விடும். ஆகையால் அங்கே அது எண்ணெயே அல்ல, மெழுகு! வாயகன்ற பாட்டிலில் வாங்கி ஸ்பூனால் எடுக்க வேண்டும். காரட், உருளைக் கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் அங்கேயே விளைகின்றன. அரிசி, பருப்பு, புளி, தேங்காய் கீழே இருந்து ஏறி வரவேண்டும். காய்கறியைக் கொண்டு சமையலை அமைத்துக் கொள்கிறவர் மிச்சம் பிடிப்பார். ரேஷன் கார்டைப் பற்றிப் பயம் வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ஊர் நியாய விலைக் கடையிலும் வாங்க ஏற்பாடு வந்து விட்டது.

மழைக் காலத்தில் துணி உலராது. பள்ளிக்கூட உடுப்பு கீழே இரண்டு ஜதை போதுமென்றால் மேலே மூன்று ஜதை வேண்டும். இது சிறிய விஷயம்தான். ஆனால் ஈர உடுப்போடு குழந்தையை அனுப்பும் தாய்க்கு அது சிறிய விஷயமாக இருக்காது.

வெந்நீரும் விஷப் புகையும்

இப்போது மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சுட வைக்க அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகிறது. ஐந்து பேருக்கு நாளைக்கு மூன்று யூனிட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 180 யூனிட். இது தவிர்க்க முடியாத செலவு. ஆனால் அறையைச் சூடாக்க 2,000 வாட்ஸ் ஹீட்டரைத் தினம் நாலு மணி நேரம் போட்டீர்களானால் இரண்டு மாதத்தில் 480 யூனிட்! குளிக்க வெந்நீர் வேண்டும். அறைக்கு ஹீட்டர் வேண்டாம். வெயில் வரும் வீடும், காலுறையும், அந்தி சாயும் முன் ஜன்னலைச் சாத்தும் பழக்கமுமே ஹீட்டர்.

இந்த இடத்தில் சகோதரிகளை ஒன்று கெஞ்சிக் கேட்டுக் கொள்கிறேன். மின்சாரம் மிச்சமாகட்டுமென்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் கொண்டு படுக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இருமல் கூட வராது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய் விடும். மலை ஊர்களில் இப்படிக் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. குளியலறைக்குள் காஸ் வெந்நீர்ச் சாதனம் வைப்பதும் இதே ஆபத்துதான். அது வெளியில் இருக்க வேண்டும். குளிரால் சாகிறவர்கள் நம் மலைகளில் அபூர்வம். குளிருக்குப் பயந்து செய்யும் காரியத்தால்தான் விபரீதம்.

வயதானவர்களுக்குக் குளிரில் ரத்த அழுத்தம் ஏறக்கூடும். ஆஸ்துமா இருப்பவருக்கு ஈரச் சுவர் ஆகாது. ஏறுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டி, மாத்திரை அளவைக் கேட்டுக் கொள்வது நல்லது. உதகையில் 2025 ஏப்ரலில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள் என்பது ஒரு தைரியம்.

ஆண்பிள்ளைக்கு வேலை?

காக்களூர்க் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த கேள்வி இதுதான். மலையில் தொழிற்சாலைகள் குறைவு. 1960-ல் உதகையில் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பிலிமுக்குக் காலம் மலையேறியதும் அதுவும் மூடிப் போயிற்று. ‘அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்’ என்று கணவர் இருக்கும் வேலையை விடுவது புத்திசாலித்தனமல்ல.

ஆனால் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்த போது எனக்குச் சுரீரென்றது. சி.டி.சி. என்னும் முறையில் இலையை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழிக்கிறார்கள். அந்த உருளைகளில் நெருக்கமாகப் பற்கள் வெட்டியிருக்கின்றன. பற்கள் மழுங்கினால் தூள் கெட்டுவிடும். ஆகவே உருளைகளைக் கழற்றி, லேத்தில் ஏற்றி, அடிக்கடி பல் சீவ வேண்டும்! மலையெங்கும் தேயிலைத் தொழிற்சாலைகள். அவற்றுக்கு லேத் தெரிந்த கை வேண்டும். இதைக் காக்களூரிலிருந்து யார் கண்டார்கள்?

நான் எழுதிய பதில்

சென்னை திரும்பியதும் அந்தச் சகோதரிக்கு எழுதினேன்: “உத்தியோகத்தை விடாதீர்கள். ஆனால் எல்லோருமாக ஏறாதீர்கள். 60,000 ரூபாயை மூன்று பங்கு வையுங்கள். ஒரு பங்கு வீட்டு அட்வான்ஸுக்கு. ஒரு பங்கு பிரயாணத்துக்கும் குளிர் சாமான்களுக்கும். மூன்றாவது பங்கைத் தொடாதீர்கள். அது மலையிலிருந்து இறங்குவதற்கு வைத்திருக்கும் பணம். அது பெட்டியில் இருந்தால்தான் ஏறியவர்களுக்குத் தூக்கம் வரும். முதலில் நீங்கள் மட்டும் போய், மழைக் காலத்தைப் பாருங்கள். காலாண்டு விடுமுறையில் மற்றவர்கள் பத்து நாள் வந்து இருந்து பார்க்கட்டும். அதற்குள் உங்கள் கணவர் குன்னூர்ப் பட்டறைகளில் விசாரிக்கட்டும். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.”

பிப்ரவரியில் பதில் வந்தது. ஆறு மாதம் அவர் தனியாக ஒரு அறையில் இருந்திருக்கிறார். ‘அழாத ராத்திரி குறைச்சல்’ என்று எழுதியிருந்தார். அதை மறைத்து உங்களுக்கு நான் பூசி மெழுகப் போவதில்லை. கணவருக்குக் குன்னூரில் ஒரு பட்டறையில் உருளை பல் சீவும் வேலை கிடைத்திருக்கிறது. காக்களூரில் வாங்கியதை விட 2,000 ரூபாய் குறைச்சல். அரையாண்டுப் பரீட்சை முடிந்து குடும்பம் மலையேறிவிட்டது. அருவங்காட்டுப் பக்கம் சிறிய ஓட்டு வீடு. காட்சி எதுவும் கிடையாதாம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்தான். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரையில் கூடத்தில் வெயில் விழுகிறதாம்.

“அத்தை அந்த வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொண்டு, தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக் கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உருகுகிறது என்று குழந்தைகள் கேலி செய்கின்றன. மூன்றாவது பங்கு 20,000 ரூபாயை இன்னும் தொடவில்லை” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது!